புரொஸ்டேட்டை எடுத்த பிறகு: குளிசையா, ஊசியா, பம்ப்பா?

கிளினிக் வரிசையில் இருக்கும்போது சலம் கசிவதைப் பற்றி எங்கள் ஆட்கள் தயங்காமல் பேசுவார்கள். ஆணுறுப்பின் விறைப்பு போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. புற்றுநோய்க்காக எனக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். அதன் பிறகு இருக்கிற வழிகளை விசாரித்து, குளிசையையும் வெற்றிடப் பம்ப்பையும் பாவித்துப் பார்த்து, பம்ப்பையே முதல் வழியாக வைத்துக்கொண்டேன். வன்னியில் இதே சத்திரசிகிச்சைக்குப் போகும் ஆண்களுக்கும் அவர்களின் மனைவிமாருக்கும் ஏன் அதைச் சொல்கிறேன் என்பதுதான் இந்த அலசல்.

முதலில் ஒன்று. வயதோடு வீங்கிய புரொஸ்டேட்டைச் சலக்குழாய் வழியாகச் சுரண்டி எடுப்பது வேறு. அதில் விந்து வெளியே வராமல் சலப்பைக்குள் போகலாம், ஆனால் பெரும்பாலானோருக்கு விறைப்பு முன்பு இருந்தபடியே இருக்கும். நான் சொல்வது சுரப்பியை முழுதாக அகற்றியவர்களுக்கு.

விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டியபடி ஓடுகின்றன. 1982இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பற்றிக் வோல்ஷ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அவற்றைத் திட்டமிட்டுக் காப்பாற்றிக்கொண்டு சுரப்பியை மட்டும் எடுக்கலாம் என்று செய்து காட்டினார். கட்டி நரம்புக்குக் கிட்ட வந்திருந்தால் அந்த நரம்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். காப்பாற்றினாலும், இழுபட்ட நரம்பு உடனே வேலைக்கு வராது. பலருக்கு 18 முதல் 24 மாதம் வரை எடுக்கும், சிலருக்கு அதற்கும் மேல். தொடு உணர்வுக்கு வேறு நரம்பு என்பதால் உச்சம் வரும், விந்து மட்டும் வராது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வீண் பயம் இல்லை.

சிக்கல் அந்த இடைக்காலத்தில்தான். சுகமான ஆணுக்கு நித்திரையில் தானாக விறைப்பு வந்து போகும், அப்போது உறுப்புக்குள் புது இரத்தம் பாயும். நரம்பு ஓய்ந்தால் அதுவும் நின்றுவிடும். தண்ணீர் ஓடாத வாய்க்கால் தூர்ந்துபோகிற மாதிரி, இரத்தம் பாயாத தசை மெல்ல இறுகி, உறுப்பின் நீளமும் குறையலாம். ஆகவே ஒரு நாள் இரவுக்கு எது நல்லது என்று பார்ப்பதைவிட, இரண்டு வருடம் விடாமல் எதைக் கொண்டுபோகலாம் என்று பார்ப்பதே முக்கியம். நான் தீர்மானித்தது இந்த ஒரு கணக்கில்தான்.

குளிசை எல்லோருக்கும் தெரிந்தது. வயாகரா என்று பலர் அறிந்த சில்டெனாஃபிலை வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது, எண்ணெய் கூடிய கறியோடு சோறு சாப்பிட்டால் வேலை செய்யப் பிந்தும். அதே வகைக் குளிசையான டாடலாஃபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, 36 மணி நேரம் வரை அதன் பலன் நிற்கும். ஆனால் இரண்டுமே நரம்பு அனுப்பும் செய்தியைப் பெருப்பிக்கும் மருந்துகள். செய்தியே வராத முதல் மாதங்களில் அவற்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது, எனக்கும் நடக்கவில்லை. தினமும் எடுத்தால் நரம்பு கெதியாகத் தேறும் என்று சொல்பவர்கள் உண்டு. குளிசையை நிறுத்திய பிறகும் அந்தப் பலன் நிற்கும் என்று பெரிய ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே குளிசை வைப்பவர்கள், நைத்திரேற்று வகை மருந்து எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தாக விழுந்துவிடும்.

ஊசியின் பலம் பெரியது, அதை மறுக்க முடியாது. அல்ப்ரோஸ்டடில் என்ற ஊசி மருந்து நரம்பை எதிர்பார்க்காமல், உறுப்புக்குள் ஏற்றிய சில நிமிடத்தில் வேலை செய்யும். முதல் ஊசியை வைத்தியர் முன்னிலையில் போட்டு அளவைத் தீர்மானிப்பார்கள். நான் பாவிக்கவில்லை, ஆகவே வலி எப்படி என்று என் வாயால் சொல்ல முடியாது. என்னைத் தடுத்தது வேறு. விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் அது அவசர நோய், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வன்னியின் உள்ளூர்களான துணுக்காயிலோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ இருப்பவர் நடுச்சாமத்தில் யானை நிற்கும் வீதியால் எப்படி ஓடுவது? இரண்டு மூன்று மருந்து கலந்த ஊசியைக் குளிரில் வைக்கவும் வேண்டும், எங்கள் வெயிலில் நாள் முழுக்கக் கரண்ட் நின்றால் கரைச்சல். யாழ்ப்பாணத்திலோ வவுனியா நகரிலோ இருப்பவருக்கு என் கணக்குப் பொருந்தாமல் போகலாம்.

இனி பம்ப். ஒரு பிளாஸ்டிக் உருளை, கையால் இயக்கும் சிறு பம்ப், சில ரப்பர் வளையங்கள், அவ்வளவுதான். உருளைக்குள் காற்றை இழுத்தால் இரத்தம் உறுப்புக்குள் வரும். நரம்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம், மாதாமாதம் பாமசிக்குப் போக வேண்டாம். ஒருமுறை வாங்கும்போது விலை கூடத்தான். எனக்குக் கனடாவில் இருக்கும் மச்சான் வரும்போது கொண்டுவந்தார். அதற்குப் பிறகு செலவு என்றால் வளையமும் ஜெல்லும் மட்டும்.

பயிற்சிக்கும் உறவுக்கும் பாவிப்பது வேறு வேறு விதம். பயிற்சிக்கு வளையம் போடுவதில்லை. மெதுவாக இழுத்து, சற்று வைத்து, விட்டு, மறுபடி இழுப்பது, தினமும் பத்து நிமிடம் போல. உறவுக்கு அடியில் வளையம் போட வேண்டும். அதை 30 நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது, போட்டபடி நித்திரையாகவே கூடாது. உறுப்பு கொஞ்சம் குளிர்ந்து நீலம் பாரிக்கும், அடிப்பகுதி ஆடும். இயற்கையானது போல இருக்காது என்று ஒத்துக்கொள்கிறேன். நீளம் குறையாமல் காக்க உதவுகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் ஓரளவு உண்டு, நரம்பைத் தேற்றும் என்பதற்கு இல்லை.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை, ஆனால் கவனம் வேண்டும். நாங்கள் எதற்கும் தேங்காய் எண்ணெயைத்தான் எடுப்போம். இதற்கு அது வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் பழுதாகும். தண்ணீரில் கரையும் ஜெல்லே சரி. பாவித்ததும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வளையம் இறுகி வெடிக்கும். இழுவை அளவு மீறாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். போத்தலை வெட்டி வீட்டில் செய்து பார்ப்பது உறுப்புக்கே ஆபத்து.

இதை மனைவிக்கு ஒளித்துச் செய்ய முடியாது. எனக்கு அதுதான் முதலில் பெரிய தயக்கம். "இஞ்சாருங்கோ, பிரஷர் குளிசை எடுக்கிற மாதிரித்தானே இதுவும். இதுக்கேன் வெக்கம்?" என்று அவ கேட்ட பிறகு தயக்கம் போய்விட்டது. பல நாள் பயிற்சியை நினைவுபடுத்துவதே அவதான்.

கடைசி வழி, உறுப்புக்குள் கம்பி அல்லது ஊதும் உருளை வைக்கும் சத்திரசிகிச்சை. நன்றாக வேலை செய்யும், ஆனால் பின்னர் எடுத்துவிட்டாலும் பழைய இயற்கை விறைப்பு திரும்பாது. நரம்பு தேறக் காலம் கொடுத்துப் பார்த்த பிறகே அதை யோசிக்க வேண்டும்.

பம்ப்பும் எல்லோருக்கும் அல்ல. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம், தோலுக்குள் இரத்தம் கண்டிவிடும். மற்றவர்களும் சலம் போக வைத்த குழாயான கதீற்றரைக் கழற்றி, உள்காயம் ஆறி, சத்திரசிகிச்சை செய்தவர் சரி என்று சொன்ன பிறகே தொடங்கலாம். அப்புறம், தொடக்கத்தில் குளிசை கைவிட்டது என்று அதை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். நரம்பு விழிக்கத் தொடங்கினால் அதே குளிசை வேலை செய்யும். எனக்கு இப்போது சில நாட்களில் டாடலாஃபிலோடு வளையம் இல்லாமலே சரிவருகிறது. ஆனாலும் காலைப் பயிற்சியை நான் விடவில்லை.