மணல்தட்டின் முன் ஆறு நாட்கள்: ஒரு பயிற்சி வகுப்பு பற்றிய மதிப்புரை

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கின் சிந்தனையைப் பின்பற்றும் யுங்கிய வழியிலான விளையாட்டுச் சிகிச்சையையும் கதைசொல்லலையும் உளவள ஆலோசகர்களுக்குக் கற்பிக்கும் ஆறு நாள் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். பேச்சை மட்டுமே நம்பிப் பல ஆண்டுகள் பணியாற்றிய என்னை இந்த வகுப்பு ஆழமாக அசைத்திருக்கிறது; அதே அளவுக்கு ஒரு வருத்தமும் உண்டு.

வரலாறு முதல் நாள் காலையிலேயே முடிந்துவிட்டது. உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டுடனான உறவு முறிந்த 1913ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், யுங் ஏரிக்கரையில் கற்களைப் பொறுக்கிச் சிறுவனைப் போல வீடுகள் கட்டி விளையாடியதையும், மணல் தட்டில் சிறு பொம்மைகளை வைத்துக் குழந்தை தன் உலகை அமைக்கும் முறையை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்டிடம் லண்டனில் கற்ற சுவிஸ் சிகிச்சையாளர் டோரா கால்ஃப், அம்முறையை யுங்கின் சிந்தனையோடு இணைத்து மணல் விளையாட்டுச் சிகிச்சையை உருவாக்கியதையும் பயிற்றுநர் சுருக்கமாகச் சொன்னார். தட்டு ஏறத்தாழ 72 செ.மீ. நீளமும் 57 செ.மீ. அகலமும் கொண்டது, தலையைத் திருப்பாமலே முழுவதையும் பார்த்துவிடலாம். மணலை விலக்கினால் தெரியும் அடிப்பகுதி நீல நிறத்தில் இருப்பதால், குழந்தை விரலால் கோடு இழுத்தாலே ஆறு பிறந்துவிடுகிறது.

அன்று பிற்பகல் நாங்களே தட்டின் முன் அமர்ந்தோம். நான் ஒரு சிறு வீட்டை மூலையில், அதன் வாசல் தட்டின் விளிம்பை நோக்கியிருக்கும்படி வைத்தேன். அருகில் அமர்ந்திருந்த பயிற்றுநர் ஏன் என்று கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, "இந்த வீட்டுக்கு ஒரு கதை இருந்தால், அது எங்கே தொடங்கும்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. விளக்கம் கேட்டிருந்தால் நான் அறிவுபூர்வமாக ஏதோ சொல்லித் தப்பியிருப்பேன். 'சுதந்திரமும் பாதுகாப்பும் கொண்ட வெளி' என்று கால்ஃப் குறிப்பிட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கதை அமர்வுகள் இன்னும் செறிவானவை. குழந்தை சொன்ன கதையை அதே பாத்திரங்களோடு, ஆனால் நலமான முடிவோடு ஆலோசகர் திருப்பிச் சொல்லும் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னரின் முறையைக் கற்பித்த கையோடு, அம்முடிவைக் குழந்தையின் உள்மனமே கண்டடையக் காத்திருப்பதுதானே யுங்கிய வழி என்ற கேள்வியையும் பயிற்றுநரே எழுப்பி, எங்களை இரு அணிகளாகப் பிரித்து வாதிடச் செய்தார். ஆலோசகர்களை உருவாக்கும் ஆசிரியர்கள் இந்த ஓர் அமர்வுக்காகவே வரலாம்.

என் வருத்தம் கடைசி நாளைப் பற்றியது. பாம்பு என்றால் இது, பாலம் என்றால் அது எனப் பொருள் எழுதிய அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். குறியீட்டின் பொருளை அதை உருவாக்கியவரின் வாழ்விலிருந்து பிரித்து முடிவுசெய்யக் கூடாது என்று யுங்கே வலியுறுத்தியிருக்க, ஐந்து நாட்கள் கற்றுத்தந்த பொறுமையை அந்த ஒரு தாள் கலைத்துவிடும். பயிற்சிக்குப் பின் நம் பணியை அனுபவமுள்ள ஒருவர் பார்த்து வழிகாட்டும் மேற்பார்வைக்கும் ஏற்பாடு இல்லை. தனக்கென ஒரு மேற்பார்வையாளரை ஏற்கெனவே பெற்றிருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். மற்றவர்கள் அப்படி ஒருவரைத் தேடிக்கொண்ட பிறகு சேருவதே குழந்தைகளுக்கு நல்லது.