திருமண மண்டபத்தில் ஸோன் வாரியான ஒலிபெருக்கி: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சேலம் அம்மாபேட்டையில் உள்ள எங்கள் திருமண மண்டபத்தில், தனித்தனி ஸோன்களாக, அதாவது ஒலியைத் தனியே கட்டுப்படுத்தக்கூடிய பகுதிகளாக, பிரித்த ஒலிபெருக்கி அமைப்பை நிறுவிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மண்டபத்தின் மின்சாரத்தையும் ஒலியையும் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், இதேபோன்ற கட்டடம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாடிக்கு ஒரு ஸோன் என்பதுதான் எங்களுக்கு முதலில் வந்த யோசனை. அதை விட்டுவிட்டு, எங்கே இருப்பவருக்கு எது கேட்க வேண்டும் என்று பார்த்து, மணமேடைக் கூடம், பந்தி நடக்கும் கூடம், சமையல்கட்டு, விருந்தினர் அறைகளின் வராந்தா, வாகன நிறுத்தம் என்று பிரித்தோம். வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லும் அறிவிப்பு, கார் நிற்கும் இடத்தைவிட அதன் உரிமையாளர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பந்திக் கூடத்தில்தான் கேட்க வேண்டும். கெட்டிமேளம் பந்திக்கும் சமையல்கட்டுக்கும் போக வேண்டும். கைக்குழந்தைகள் உறங்கும் அறைகளின் பக்கம் போகக் கூடாது.

நூறு வோல்ட் லைன் முறையை, அதாவது ஒலியை உயர்ந்த வோல்டேஜில் அனுப்பி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மரால் குறைத்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு முழு நிறைவு. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை நூறு மீட்டர் இழுத்தால், போக வர ஏறக்குறைய 2.4 ஓம் மின்தடை சேர்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக மாட்டினால், ஆம்ப்ளிஃபயர் தரும் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது கம்பியிலேயே வீணாகும். அதே கம்பியில் நூறு வோல்ட் லைனில் 96 வாட் சுமை போட்டால், இழப்பு இரண்டரை விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. பந்திக் கூடத்தில் கூரையில் 6 வாட் டேப்பில் (ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளும் வாட்டைத் தீர்மானிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பு) 16 ஸ்பீக்கர்களை வைத்து, 120 வாட் ஆம்ப்ளிஃபயரில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டிருக்கிறோம். கிரானைட் தரையும் டைல்ஸ் சுவரும் உள்ள கூடத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை அலற விட்டால் எதிரொலிதான் மிஞ்சும்; சிறிய ஸ்பீக்கர்களை நெருக்கமாக வைத்து மெல்ல ஒலிக்க விட்டால், பரிமாறுகிறவரும் இலையில் அமர்ந்திருப்பவரும் குரலை உயர்த்தாமலேயே பேசிக்கொள்ள முடிகிறது.

இந்த அமைப்பில் நான் மிகவும் மதிப்பது, சுவரில் உள்ள வால்யூம் பெட்டிகளுக்குள் இருக்கும் 24 வோல்ட் ரிலே என்னும், மின்சாரத்தால் தானே மாறும் சுவிட்சைத்தான். பந்தி மேற்பார்வையாளர் பேச்சு கேட்கவில்லை என்று பாட்டை முழுவதுமாகக் குறைத்து வைத்திருப்பார். அலுவலக மைக்கின் பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் 'டிக்' என்று ரிலே விழும். பாட்டு அடங்கி, அறிவிப்பு முழு ஒலியளவில் கேட்கும். பொத்தானை விட்டதும் பழைய நிலை திரும்பும். தீ அல்லது மருத்துவ அவசரத்தில் இதுவே உயிர்காக்கும் ஏற்பாடு என்பதால், இதற்கான கூடுதல் கம்பிகளைக் கட்டடம் பூசும் முன்பே இழுத்துவிடுங்கள். மின்வெட்டு வந்தாலும் அறிவிப்பு நிற்காதபடி, பேட்டரியிலும் இயங்கும் ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து வாங்குங்கள்.

அதிகாலை முகூர்த்தங்களுக்கு ஸோன் பிரிப்பு சட்ட வகையிலும் உதவுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய கூடத்துக்குள் மட்டுமே இடம் உண்டு. எனவே வாகன நிறுத்தத்தின் ஹார்ன் ஸ்பீக்கர்களை ஆறு மணிக்கு முன் நாங்கள் போடுவதே இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளோடு நல்லுறவு நிலைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பராமரிப்பில் பெரிய செலவு இல்லை. மழை படும் ஹார்ன்களின் இணைப்புகளில் பச்சை பிடிக்கிறது. ஆடி முடிந்ததும் திறந்து துடைத்து இறுக்குகிறோம். ஒவ்வொரு ஸோனையும் இம்பீடன்ஸ் (ஒலி செல்லும் மாறுமின்சாரத்துக்கு லைன் காட்டும் தடை) மீட்டரில் அளந்து, அளவை ஆம்ப்ளிஃபயர் ரேக்கின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது. டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் டி.சி. மின்தடையை மட்டுமே காட்டி, ஷார்ட் ஆனது போலத் தோற்றம் தரும். 96 வாட் உள்ள பந்திக் கூடத்துக்கு ஏறக்குறைய 104 ஓம் காட்ட வேண்டும். அதைவிடக் கூடினால் ஏதோ ஒரு ஸ்பீக்கர் லைனிலிருந்து கழன்றிருக்கிறது. குறைந்தால் கம்பி எங்கோ நசுங்கியிருக்கிறது, அல்லது யாரோ டேப்பை மாற்றியிருக்கிறார்கள். காரணம் தெரியும் வரை அந்த ஸோனின் ஆம்ப்ளிஃபயரைப் போடாதீர்கள்.