கேட்காமல் வரும் ஸ்னாப்: உபுண்டுவா, மின்ட்டா, டெபியனா?

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளைகள் பழைய மடிகணினியைக் கொண்டுவந்து, இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுத் தரச் சொல்வார்கள். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றும் அதன் வகைகள். பெரும்பாலும் 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். தோட்டத்து லயத்து வீட்டில் இன்டர்நெட் என்றால் அம்மாவின் போனில் ரீலோட் போட்ட டேட்டாதான். அதனால் நான் முதலில் பார்ப்பது, கேட்காத எதையும் அது இறக்குகிறதா என்பதைத்தான்.

உபுண்டுவில் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில். 22.04 பதிப்பு முதல் ஃபயர்ஃபொக்ஸ் பிரௌசர் ஸ்னாப் பொதியாகவே வருகிறது. ஸ்னாப் என்பது செயலியை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டித் தரும், உபுண்டுக்காரர்களின் பொதிமுறை. சரி, அது அவர்களுடைய முடிவு. ஆனால் டெர்மினலில் செயலிகளை நிறுவும் ஆப்ட் கட்டளை கொடுத்து ஃபயர்ஃபொக்ஸ் கேட்டாலும் ஒரு வெற்று டெப் (வழக்கமான பழைய வடிவம்) பொதி வந்து, அது ஸ்னாப்பையே இழுத்துப் போடுகிறது. குரோமியம் பிரௌசருக்கு 2019இலேயே இப்படி ஆகிவிட்டது. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கையில் திணிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்னாப் நாளுக்கு 4 தடவை அப்டேட் தேடுகிறது. பழைய பதிப்பையும் டிஸ்கில் வைத்துக்கொள்கிறது. மெதுவான டிஸ்கில் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கிறது. செயலியைத் தனியாக அடைத்து ஓட்டுவது அதன் நல்ல பக்கம், மறுக்கவில்லை. அப்டேட்டை நிறுத்திவைக்கவும் வழி உண்டு. ஃபயர்ஃபொக்ஸைச் செய்யும் மொஸில்லாவும் 2024 முதல் தன் டெப் பொதியைத் தானே தருகிறது. ஆனால் பாடக்குறிப்பு இறக்க வந்த பிள்ளை இதையெல்லாம் எதற்குப் படிக்க வேண்டும்?

மின்ட்டின் அடித்தளமும் உபுண்டுதான், ஆகவே பழகிய கை தடுமாறாது. 2020இல் வந்த மின்ட் 20 முதல், ஆப்ட் வழியாக ஸ்னாப் நுழையாமல் ஒரு சின்னக் கோப்பு தடுத்து வைக்கிறது. வேண்டுமென்றால் அதை நீக்கிவிட்டு ஸ்னாப் போட்டுக்கொள்ளலாம். ஃபயர்ஃபொக்ஸ் டெப்பாகவே வருகிறது. அப்டேட் இருந்தால் மூலையில் காட்டும், நாம் அழுத்தும்வரை பொறுத்திருக்கும். டேட்டா எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

டெபியனில் ஸ்னாப் தொல்லையே இல்லை. ஃபயர்ஃபொக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தருகிறார்கள். முன்பு வைஃபைக்கு ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) தேடி அலைய வேண்டும். 2023இல் வந்த டெபியன் 12 அதை நிறுவியிலேயே சேர்த்துவிட்டது. ஆனாலும் புதியவருக்கு மின்ட் அளவுக்குக் கைபிடித்துக் காட்டாது.

இப்போது நான் போட்டுக் கொடுப்பது மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான டெஸ்க்டொப்) பதிப்பு. சிக்னலே எட்டாத மேல்கணக்கு (தோட்டத்தின் மேற்பிரிவு) வீடுகளுக்கு மட்டும் டெபியனின் டிவிடி ஐஎஸ்ஓ என்னும் நிறுவல் கோப்பைப் பென்ட்ரைவில் ஏற்றிக்கொண்டு போகிறேன். டெஸ்க்டொப்பும், எழுத்து வேலைக்கான லிப்ரெஒபிஸும் அதற்குள்ளேயே இருக்கின்றன.