ஸ்க்ரூ ஸ்பேனரா, ரிங் ஸ்பேனரா?

மண்டபம், பாம்பன் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே எந்த நட்டும் வைத்தபடி இருக்காது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த உப்புக்காற்று நம் மோட்டார் நட்டை விட்டுவைக்குமா?

திருகைச் சுற்றித் தாடையை அகலமாக்கிக் குறைக்கிற ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று இருந்தால் பல அளவுக்குப் போதும் என்று வாங்குகிறோம். குழாய் வேலைக்கு, புது நட்டுக்கு, சரி, அருமையான சாமான். ஆனால் துருவேறிய நட்டில் அதன் தாடை லேசாக விலகிவிடும், அப்புறம் வழுக்கி நட்டின் மூலை மழுங்கிவிடும், கையும் அடிபடும். போன மாதம் மோட்டாரின் 13 மி.மீ. நட்டில் எனக்கு அதேதான் நடந்தது. அரை நாள் போனது. ஸ்க்ரூ ஸ்பேனரையே பிடித்தாக வேண்டுமென்றால் அசையாத தாடையின் மேல் விசை விழுகிற மாதிரி திருப்புங்கள்.

ரிங் ஸ்பேனர் நட்டைச் சுற்றி எல்லா மூலையையும் பிடிப்பதால் வழுக்காது. முந்தின நாள் ராத்திரி கொஞ்சம் டீசல் விட்டு ஊறவைத்துத் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும். அளவுக்கு ஒன்று தேவை என்பதுதான் குறை. ஆனால் ஒரு முனைக்கு ஒரு அளவாக (மி.மீ.) வரும் 10-11, 12-13, 16-17 மூன்றும் இருந்தாலே பைக்கும் மோட்டாரும் பெரும்பாலும் முடிந்துவிடும். குழாயை நடுவில் பிடிக்க மட்டும் ஆகாது, நுனி வழியாக மாட்ட வேண்டும்.

பராமரிப்பிலும் ரிங்தான் லேசு. ஸ்க்ரூ ஸ்பேனரின் திருகில் மணலும் உப்பும் புகுந்தால் இறுகிப்போகும், மாதம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். ரிங்கை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் 12-13 ரிங்கைத்தான் எடுப்பேன்.