ஐடிலிங் சத்தத்தில் மயங்கி ஏமாந்தேன்: ஹெட்டும் கேமும் மாற்றப் போகிறவர்களுக்கு

ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றும் வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போன அன்று, என் கண்முன்னால்தான் இன்ஜினை முதல்முறையாக ஸ்டார்ட் செய்தார்கள். பிறகு அரை மணி நேரம் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கிலேயே ஓடவிட்டார்கள். "கேளுங்க தம்பி, ரேஸ் வண்டி மாதிரி துடிக்குது பாருங்க" என்றார் பட்டறைக்காரர். துடிக்கத்தான் செய்தது. மெய்சிலிர்த்து நின்றேன். புதுக் கேம் தேய ஆரம்பித்ததே அந்த அரை மணி நேரத்தில்தான் என்பது ஆறு வாரம் கழித்துத் தெரிந்தது.

வண்டியில் இருப்பது செவ்ரோலே ஸ்மால் பிளாக் 350 என்ற V8 இன்ஜின். கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர், இன்ஜினையும் கியரையும் இணைக்கும் கம்பெனி டார்க் கன்வெர்ட்டர், பின் ஆக்சில் விகிதம் 3.08, கம்ப்ரஷன் விகிதம் 8.5 பக்கம். அன்றாடம் சாலையில் ஓடுகிற வண்டி. நான் கேட்டது 2000 முதல் 4500 ஆர்பிஎம் வரை நல்ல இழுவை, அவ்வளவுதான். "ஹெட்டை போர்ட் பண்ணி, ஒரு நல்ல கேம் போட்டுடலாம்" என்றார் பட்டறைக்காரர். போர்ட் பண்ணுவது என்றால் ஹெட்டுக்குள் காற்று போகும் வழியைச் சீராக்குவது. ஆக்சில் விகிதம் என்ன, கன்வெர்ட்டர் எது, கம்ப்ரஷன் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் வாரமே சிக்னலில் டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்தால் இன்ஜின் அணைந்தது. பிரேக் பெடல் கல் மாதிரி இறுகியது. வெற்றிட மீட்டர் வைத்துப் பார்த்தேன். முன்பு ஐடிலிங்கில் 18 அங்குலம் (பாதரச அளவு) காட்டிய இடத்தில் 9தான் இருந்தது. பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. குடும்பத்தை உட்கார வைத்து ஓட்டுகிற வண்டி இது. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் கோபம் அடங்கவில்லை. இழுவையோ, 3000க்குக் கீழே பழைய கேமில் இருந்ததில் பாதிகூட இல்லை. போய்ச் சொன்னேன். "பெரிய கேம்னா அப்படித்தான் தம்பி, மிதிச்சு ஓட்டுங்க" என்றார். மிதித்தேன். 5000 தாண்டியதும் மேலே டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது.

வேறொரு இன்ஜின் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டார். மடிப்புக்குள் எல்லாம் இரும்புத் துகள். கேமைக் கழற்றினால் மூன்று லோப் (வால்வைத் தூக்கும் புடைப்பு) வழித்துவிட்டதுபோல் தேய்ந்திருந்தது, அவற்றின் மேல் உரசும் லிஃப்டர்களின் அடி குழிந்திருந்தது. ரோலர் இல்லாத தட்டை லிஃப்டர் கேமை முதல்முறை ஓட்டும்போது ஐடிலிங்கில் விடவே கூடாது என்றார். கிராங்க் சுற்றி வீசியடிக்கும் ஆயில்தான் லோபை நனைக்கிறது. அதனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆன உடனே 2000 முதல் 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, இருபது முப்பது நிமிடம் இறக்காமல் ஓட்ட வேண்டும். ஆயிலில் துத்தநாகச் சேர்மானமும் போதுமான அளவு இருக்க வேண்டும். எனக்குச் சத்தம் காட்டுவதற்காக அவர்கள் செய்தது இதற்கு நேர் எதிர்.

அதோடு முடியவில்லை. கேமைக் கழற்றும் முன்பே, தேயாத லோப்களில் டிகிரி வட்டும் டயல் கேஜும் வைத்து அளந்திருந்தார். பில்லில் எழுதியிருந்தது 1.27 மி.மீ. தூக்கலில் 218 டிகிரி (வால்வைத் திறந்து வைத்திருக்கும் நீளம்), வால்வு தூக்கல் 11.5 மி.மீ. உள்ளே இருந்தது 244 டிகிரி, 12.7 மி.மீ. கேமின் முனையில் குத்தியிருந்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் வேறு வேறு. 8.5 கம்ப்ரஷனில் இவ்வளவு நீளமான கேம் போட்டால் இன்டேக் வால்வு மிகத் தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில், மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைத் திரும்பவும் வெளியே தள்ளிவிடும். நான் ரசித்த துடிப்பும், காணாமல்போன இழுவையும் ஒரே காரணத்தால் வந்தவை.

வால்வு ஸ்பிரிங்கை மாற்றவே இல்லை. 12.7 மி.மீ. தூக்கலுக்குப் பழைய ஸ்பிரிங் சுருள் சுருளாக ஒட்டி இறுகி, இரண்டு புஷ்ராடு (லிஃப்டரின் அசைவை மேலே கொண்டுபோகும் கம்பி) வளைந்திருந்தது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னர் வால்வு கைடின் தலையில் மோதிய தடமும் தெளிவாகத் தெரிந்தது.

இனி ஹெட். வேலை முடிந்தபோது பழைய பட்டறைக்காரர் ஒரு ஃப்ளோ பெஞ்ச் தாள் கொடுத்திருந்தார், 28 அங்குல நீர் அழுத்தத்தில் ஒவ்வொரு தூக்கலுக்கும் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று ஹெட் வழியாகப் போகிறது என்று அட்டவணையோடு. பெருமையாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். புது மெக்கானிக் அதை ஒரு நிமிடம் பார்த்தார், வால்வை வெர்னியரில் அளந்தார், தாளை என்னிடமே நீட்டினார். தாளில் இன்டேக் வால்வு 2.02 அங்குலம். என் ஹெட்டில் இருப்பது கம்பெனி வால்வு, 1.94. வேறு யாருடைய ஹெட்டையோ அளந்த தாள் அது! போர்ட்டிங் என்று செய்தது, விரல் எட்டுகிற தூரம் வரை கண்ணாடிபோல் பாலிஷ். காற்று உண்மையில் திணறுகிற இடம் வால்வு சீட்டுக்குக் கீழே உள்ள கிண்ணப் பகுதி. அங்கே வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. கம்ப்ரஷனை ஏற்ற ஹெட்டை மில்லிங் செய்ததாகவும் பில்லில் ஒரு வரி உண்டு. கண்ணாடித் தகடு வைத்து, பியூரெட்டில் திரவம் விட்டு அளந்தால் எரியறை ஒவ்வொன்றும் 76 சி.சி. கம்பெனி அளவிலேயே இருந்தது.

தேய்ந்த கேமையும் தாளையும் எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போய்க் கேட்டேன். முதலில் "நீங்க ஓட்டின விதம்" என்றார். வால்வு அளவைக் காட்டியதும் "பையன் தாளை மாத்திக் குடுத்திருப்பான்" என்றார். அப்படியென்றால் என் ஹெட்டின் தாள் எங்கே என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பணமும் வரவில்லை. அளவுகள், படங்கள், பில் நகல் எல்லாம் வைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

புது மெக்கானிக் கேம் பெயரைச் சொல்வதற்கு முன் என்னிடம் ஒரு பக்கம் குறிப்பெடுத்தார். வண்டியின் எடை, டயர் உயரம், ஆக்சில், கன்வெர்ட்டர், எந்த வேகத்தில் அதிகம் ஓட்டுகிறேன், பிரேக்குக்கு வெற்றிடம் வேண்டுமா என்று. வேறு ஹெட்டை அவரே பரிந்துரைத்தார்: 64 சி.சி. அறை. அதை மாற்றினாலே கம்ப்ரஷன் கிட்டத்தட்ட ஒரு புள்ளி ஏறும். போர்ட்டை ரொம்பப் பெரிதாக்கினால் குறைந்த வேகத்தில் காற்றின் ஓட்டம் தளர்ந்துவிடும், அதனால் நடுத்தர அளவு போதும் என்றார். கேம் 218 டிகிரி, அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு. பிஸ்டன் மேல் களிமண் வைத்து வால்வு இடைவெளியை என்னை நிற்க வைத்தே அளந்து காட்டினார்.

ஏற்கெனவே வேலை கொடுத்துவிட்டவர்கள், கையில் ஃப்ளோ தாள் இருந்தால் அதில் உள்ள வால்வு அளவைப் பாருங்கள். ஹெட் இன்ஜினில் ஏறும் முன் அதே வால்வை வெர்னியர் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். கேம் உள்ளே போகும் முன் அதன் முனையில் உள்ள எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது யாராவது சத்தம் கேட்கச் சொல்லி ஐடிலிங்கில் விட்டால், ஆக்சிலரேட்டரை ஏற்றச் சொல்லுங்கள்.