புகைக்கு இடம், சத்தத்துக்கு நேரம்: பேய் வீட்டுக் கண்காட்சிகளில் எந்த ஏற்பாடு எடுபடும்?

பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் வருவது அக்டோபர் கடைசியில். ஆனால் அமெரிக்காவில் பேய் வீடு, அதாவது காசு வாங்கிக்கொண்டு பயமுறுத்தும் பொழுதுபோக்குக் கூடம், நடத்துபவர்கள் பொம்மை, முகமூடி, புகை இயந்திரம் எல்லாவற்றுக்கும் வசந்த காலத்திலேயே ஆர்டர் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரின் 'அமெரிக்காஸ் சென்டர்' வளாகத்தில் டிரான்ஸ்வேர்ல்டு நிறுவனம் நடத்திவரும் கண்காட்சிதான் இந்தத் தொழிலுக்குப் பெரிய சந்தை. அங்கே விற்பனைச் சரக்கே புகையும் அலறலும்தான். அவற்றைத் தடை செய்துவிட்டுக் கடை விரிக்க முடியாது. அதே கூரையின் கீழ், பக்கத்து ஸ்டாலில் ஒருவர் விலை பேசி முடிக்கவும் வேண்டும்.

அமைப்பாளர் முன்னால் சில வழிகள் உண்டு. அளவு வரம்பு வைத்து எல்லா ஸ்டாலிலும் அனுமதிப்பது ஒன்று. விளக்கணைத்த தனிக் கூடம் ஒதுக்குவது இன்னொன்று. மணி குறித்துச் செயல்விளக்கம் நடத்தச் சொல்வது மூன்றாவது. பல இடங்களில் புகைக்கும் சத்தத்துக்கும் சேர்த்து ஒரே விதி எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் எல்லாம் குழம்புகிறது என்பது என் உறுதியான கருத்து. சத்தம், சுவிட்சை அணைத்த நொடியில் நின்றுவிடும். புகை அப்படியல்ல, இயந்திரத்தை நிறுத்திய பிறகும் காற்றில் தங்கி, ஏசி இழுக்கும் பக்கமெல்லாம் போகும்.

புகையை முதலில் பார்ப்போம். சாதாரண புகை இயந்திரம் (ஃபாக் மெஷின்) கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. ஆவி வெளிக்காற்றில் பட்டதும் நுண்துளிகளாக மாறி வெண்புகையாகத் தெரிகிறது. வெதுவெதுப்பாக வெளிவருவதால் மேலே ஏறும். மேலே கூரையில் புகை உணரிகள் இருக்கின்றன. ஒளியைக் கொண்டு கண்டறியும் உணரிக்குக் கிளைக்கால் துளியும் தீப்புகையும் ஒன்றுதான். ஆகவே, பத்து ஸ்டால்களில் பத்து இயந்திரங்கள் ஓடினால் ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள்தான் இருக்கும், ஆனால் கூரைக்குப் போய்ச் சேர்வது பத்தின் கூட்டுத்தொகை. ஸ்டால்வாரி வரம்பு தோற்பது இதனால்தான்.

உணரிகளை அணைத்துவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் 1984ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மே 11 அன்று நியூஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் 'ஹான்டட் காஸில்' தீப்பிடித்து 8 பதின்பருவத்தினர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் தீயணைக்கும் நீர்த் தெளிப்பான்கள் இல்லை. இருட்டு, குறுகலான வளைவு வழி, வித்தைப் புகை எல்லாம் சேர்ந்த இடத்தில் நிஜத் தீயை மனிதர்கள் தாமதமாகவே உணர்வார்கள். எனவே உணரியை அணைப்பது தீயணைப்பு அதிகாரியின் ஒப்புதலோடு, ஒரு பகுதிக்கு மட்டும், கண்காணிப்பு ஆளை நிறுத்தி வைத்துச் செய்ய வேண்டிய வேலை. முழு மண்டபத்துக்கு அப்படிச் செய்வது கஷ்டம்; சுவரால் பிரித்த தனிக் கூடத்துக்குச் செய்வது எளிது. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடக்கும் 'மிட்சம்மர் ஸ்க்ரீம்' ரசிகர் விழாவில் 'ஹால் ஆஃப் ஷேடோஸ்' என்று இருட்டுப் பகுதியைத் தனியாகவே ஒதுக்குகிறார்கள். வணிகக் கண்காட்சிக்கும் அந்த அமைப்பு பொருந்தும்.

தனிக் கூடம் கிடைக்கவில்லையென்றால் இயந்திரத்தை மாற்றலாம். குளிரூட்டிய புகை தரையோடு படர்ந்து, சூடேறும்போதுதான் எழும்பும். கொஞ்ச நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் இயங்கும் அல்ட்ராசோனிக் முறையில் வெறும் தண்ணீர்த் துளிகள், சீக்கிரம் காய்ந்து மறையும். சிறிய ஸ்டாலுக்கு இதையே சொல்வேன். மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில் இருக்கும் ட்ரை ஐஸ் பார்க்க அழகு. ஆனால் அது வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு கனமான வாயு, தாழ்வான இடத்தில் தேங்கும். குழந்தைகள் நடமாடும் இடத்திலும் அடைத்த அறையிலும் அதை நான் ஏற்கமாட்டேன்.

சத்தத்துக்குத் தனிக் கூடம் பாதி மருந்துதான். ஸ்டால்களைப் பிரிக்கும் துணித் திரை பார்வையை மறைக்கும், ஒலியை விட்டுவிடும். ஒரே அளவுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும், பத்து சேர்ந்தால் 10. பக்கத்துக்காரர் கூட்டினால் நாமும் கூட்டுவோம். இந்தப் போட்டிக்கு முடிவே கிடையாது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா 100 டெசிபலில் ஒரு நாளுக்கு 2 மணி நேரம் அனுமதிக்கிறது. ஆய்வு அமைப்பான நயோஷ் பரிந்துரைப்பதோ 15 நிமிடம் மட்டுமே. வாங்க வருபவர் சுற்றிவிட்டுப் போய்விடுவார். ஸ்டாலில் நாள் முழுக்க நிற்கும் விற்பனைப் பெண்ணின் காதுதான் அடிவாங்கும். அவருக்காகவாவது நயோஷ் கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே சத்தத்துக்கு நேர அட்டவணை. மணிக்கு ஒரு முறை, வரிசை வரிசையாக முறை மாற்றி, ஒவ்வொரு ஸ்டாலும் சில நிமிடம் முழு வீச்சில் ஓட்டலாம். மற்ற நேரம் பொம்மை அசையட்டும், ஒலிப்பெருக்கி மௌனம். விற்பவருக்கும் இது லாபம்: நேரம் அறிவித்தால் கூட்டம் தானாகச் சேரும். காற்றழுத்தத்தில் பாயும் பொம்மைகளின் 'புஸ்' சத்தம் மட்டும் அட்டவணைக்கு அடங்காது. காற்று வெளியேறும் வாயில் சைலன்ஸர் பொருத்தி, கம்ப்ரஸரை மண்டபத்துக்கு வெளியே வைத்தால் பாதி தொல்லை தீரும்.

இந்த நேர அட்டவணையையே புகைக்கும் நீட்டினால் பயன் தராது. பத்து மணிக்கு விட்ட புகை பத்தரை மணிக்காரரின் ஸ்டாலில் நிற்கும்.

இருட்டுக் கூடத்துக்கு எதிராகச் சின்ன விற்பனையாளர்கள் சொல்லும் குறை நியாயமானது. அங்கே இடம் வாங்க வசதியுள்ள பெரிய கம்பெனிகள் பக்கமே கூட்டம் போய்விடுகிறது. அதற்கு, கூடத்துக்குள்ளேயே ஒரு பொது மேடை அமைத்து, புகை திரவமும் சிறு இயந்திரமும் விற்பவர்களுக்குக் கட்டணமின்றி முறை வைத்துக் கொடுக்கலாம். அந்தச் செலவை இடம் விற்கும் அமைப்பாளர் ஏற்பதுதான் நியாயம்.