மில்லிங் மெஷின் தூணை நிமிர்த்த: ஷிம்மா, ஸ்க்ரேப்பிங்கா, எப்பாக்சியா?

சின்ன மில்லிங் மெஷின் பலவற்றில் தூண் வேறு வார்ப்பு, பேஸ் வேறு வார்ப்பு. நாலு போல்ட்டுதான் இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டும் சேரும் முகத்தில் உள்ள பிசகு தூணை முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ சாய்த்துவிடும்.

முதலில் அளவெடுப்பு. ஸ்பிண்டிலில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) டயலை (முள் நகர்ந்து நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) மாட்டி டேபிளைச் சுற்றி வருவது சுலபம். ஆனால் அது ஸ்பிண்டில் அச்சைத்தான் காட்டும், தூணை அல்ல. அதை நம்பித் தூணுக்கு ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்தால் முள் சுழியில் நிற்கும், ஹெட் (ஸ்பிண்டிலைத் தாங்கித் தூணில் ஏறி இறங்கும் பகுதி) மட்டும் சாய்ந்தே ஏறும். 200 மி.மீ.க்கு 0.06 மி.மீ. சாய்வு என்றால், ட்ரில்லைக் கழற்றிக் குட்டை ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் கருவி) மாட்டி ஹெட்டை 80 மி.மீ. இறக்கும்போது மையம் 0.024 மி.மீ. தள்ளிப்போயிருக்கும். எனவே ஜிப்பை (gib, ஹெட் நகரும் வழியில் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) சரிசெய்துவிட்டு, டேபிளில் சிலிண்டர் ஸ்கொயரை (செங்குத்தைச் சரிபார்க்கும் துல்லியமான உருளை) நிறுத்தி, டயலை அதில் தொடவைத்து ஹெட்டை 200 மி.மீ. ஏற்றுங்கள். ஸ்கொயரை 180 டிகிரி திருப்பி இன்னொரு முறை. இரண்டின் சராசரிதான் தூணின் உண்மையான பிழை. ஸ்கொயரின் பிழை அதில் கழிந்துவிடும்.

ஷிம் அரைமணி நேர வேலை. தூண் 0.06 பின்னால் சாய்கிறது, போல்ட் வரிசைகளுக்கு நடுவே 150 மி.மீ. என்றால், 0.06 × 150 ÷ 200 = 0.045. பின் போல்ட்டுகளுக்கு அடியில் 0.05 ஷிம் போதும். கத்தரித்த ஓரத்தில் பிசிறு இருந்தால் கணக்கே கெட்டுவிடும், கல்லில் தேய்த்துவிடுங்கள். பெரிய குறை, தூண் நாலு இடத்தில் மட்டும் உட்காருவது. தூணில் டயல் வைத்து ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்திப் பாருங்கள்: முள் ஓடினால் முகம் ஒட்டவில்லை, போல்ட்டுதான் வார்ப்பை வளைத்துப் பிடித்திருக்கிறது. ஆழமாக வெட்டும்போது அதிர்வு இங்கிருந்துதான் வரும்.

ஸ்க்ரேப்பிங்கில் (முகத்தின் மேடுகளைக் கைக்கருவியால் சுரண்டி எடுப்பது) இரும்போடு இரும்பு முழுதாக உட்காரும். எத்தனை முறை கழற்றினாலும் பழைய இடத்துக்கே வரும். ஆனால் ஒரு சுற்றுக்குச் சில மைக்ரான்தான் போகும். ஒவ்வொரு முறையும் தூணை இறக்கி, புளூ (எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் நீல மை) தடவிப் பார்க்க வேண்டும். கை பழகியவர்களுக்கே இது சரி.

மற்றவர்களுக்கு என் தேர்வு இரும்புத்தூள் கலந்த எப்பாக்சி (இறுகிக் கெட்டியாகும் பசை). தூணின் அடி விளிம்பில் நாலு ஜாக்கிங் ஸ்க்ரூ (திருகினால் தூணைத் தூக்கிப்பிடிக்கும் திருகு) போட்டு, முகங்களுக்கு நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒரு முகத்தை அசிட்டோனில் துடைத்துச் சொரசொரப்பாக்குங்கள். மறுமுகத்துக்கும் மரைகளுக்கும் மெழுகு. மெழுகு விட்டுப்போன இடத்தில் தூண் பிறகு கழலவே கழலாது. பசையை நடுவில் குவித்து வைத்தால் தூண் இறங்கும்போது காற்று வெளியே போய்விடும். டயல் பார்த்து ஸ்க்ரூவால் நிமிர்த்தி, போல்ட்டைக் கைமுறுக்கோடு நிறுத்துங்கள். முழுதாக இறுகும்வரை, குறைந்தது 24 மணி நேரம், தொடக்கூடாது. அவசரப்பட்டு முறுக்கினால் வளைந்த நிலையிலேயே பசை இறுகிவிடும். பிறகு ஸ்க்ரூக்களைப் பின்வாங்கி, போல்ட்டுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ஸ்பிண்டிலைச் சுற்றிப் பார்ப்பது இப்போதுதான். இன்னும் பிழை காட்டினால் அது ஹெட் இணைப்பின் பிழை; ஷிம் போக வேண்டிய இடம் அங்கே.